வாசகர் கேள்விகள்: உயிர்ச் சந்தையும் தொற்றுநோயும்

பறவைக் காய்ச்சல் பற்றி முந்தைய இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு, இறைச்சிச் சந்தைகள் குறித்தும் விலங்குகளிடமிருந்து மனிதர்களுக்குத் தாவும் வைரஸ்கள் குறித்தும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றி அமைந்த கேள்விகளைத் தேர்ந்து இங்கே பதில் தருகிறோம்.

எங்கள் தெருமுனைக் கோழிக்கடையில் பிராய்லர், நாட்டுக்கோழி, வாத்து, காடை எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கூண்டுகளில் வைத்திருக்கிறார்கள். கண்ணெதிரே அறுத்துத் தருகிறார்கள் என்பதால் அங்கேயே வாங்குகிறோம். இதில் ஆபத்து ஏதும் உண்டா? — வாசகி, மதுரை

அந்தக் கடையில் இன்று நோய்க்கிருமி இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரித்திருக்கும் ஏற்பாட்டில், அதாவது பல இனப் பறவைகளை அடுக்குக் கூண்டில் சேர்த்து வைப்பதில், உண்மையான ஆபத்து இருக்கிறது. அதை உலகம் தெளிவாகக் கற்றுக்கொண்ட இடம் ஹாங்காங்.

1997ஆம் ஆண்டு மே மாதம் அங்கே மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் கடும் காய்ச்சலால் இறந்தான். அவனிடமிருந்து எடுத்த மாதிரியில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் இருந்தது. பறவைகளுக்கு வரும் அந்த வைரஸ் நேரடியாக மனிதரைத் தாக்கி உயிரைப் பறித்ததாக உறுதி செய்யப்பட்ட முதல் நிகழ்வு அதுதான். ஆண்டு முடிவதற்குள் மொத்தம் 18 பேர் நோயுற்று, அவர்களில் 6 பேர் இறந்தார்கள். சந்தைகளில் விற்பனைக்கு இருந்த கோழிகளைச் சோதித்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் வைரஸ் இருந்தது. டிசம்பர் இறுதியில் அரசு நகரத்திலிருந்த கோழிகள் அனைத்தையும், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளை, சில நாள்களில் கொன்று புதைத்தது. அதோடு அந்தப் பரவல் நின்றது.

இவ்வளவு பறவைகள் ஒரே நேரத்தில் எப்படித் தொற்றுக்கு உள்ளாயின என்று தேடியபோது, சந்தையின் அன்றாட நடைமுறையே பதிலாகக் கிடைத்தது. வாத்தும், தாரா எனப்படும் பெருவாத்தும் இவ்வகை வைரஸ்களைப் பெரும்பாலும் நோயின்றியே குடலில் சுமந்து எச்சத்தின் வழியே வெளியிடுகின்றன. மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டின் தண்ணீர்க் கிண்ணத்தில் விழுகிறது. கீழே இருக்கும் கோழிக்கு அந்த வைரஸ் புதியது என்பதால் அது வேகமாகப் பெருகுகிறது. காடையோ பல வகை வைரஸ்களை ஏற்கும் உடல் கொண்டது. இன்ஃபுளுவென்சா வைரஸின் மரபுப்பொருள் எட்டுத் தனித்தனித் துண்டுகளாக இருப்பதால், இரண்டு வகை வைரஸ்கள் ஒரே பறவையின் ஒரே செல்லுக்குள் நுழைந்துவிட்டால் அத்துண்டுகள் கலந்து, அதுவரை இல்லாத மூன்றாவது வகை உருவாகக்கூடும். ஹாங்காங் வைரஸ் அத்தகைய கலப்பில் பிறந்தது என்றும், அதன் ஒரு பகுதி தாராவிலிருந்தும் மற்றப் பகுதிகள் காடை போன்ற பறவைகளிலிருந்தும் வந்திருக்க வேண்டும் என்றும் ஆய்வாளர்கள் கருதினார்கள்.

சந்தைக்குள் நாள்தோறும் புதிய பறவைகள் வருவதும், விற்காத பழைய பறவைகள் அவற்றுடன் தங்கிவிடுவதும் இன்னொரு காரணம். இந்தத் தொடர்ச்சி அறுபடாத வரை வைரஸ் அங்கேயே குடியிருக்கும். ஹாங்காங் அரசு இதைப் புரிந்துகொண்டு படிப்படியாகச் சில விதிகளைக் கொண்டுவந்தது. முதலில் வாத்தையும் தாராவையும் கோழிச் சந்தையிலிருந்து பிரித்துத் தனி இடத்தில் அறுத்தார்கள். 2001இல் எல்லாக் கடைகளும் மாதத்தில் ஒரு நாள் பறவையே இல்லாமல் வெறுமையாக்கப்பட்டு, கழுவி, கிருமிநீக்கம் செய்யப்படும் ஓய்வு நாள் வந்தது. அடுத்த ஆண்டு காடை அகற்றப்பட்டது. பின்னர் ஓய்வு நாள் மாதத்துக்கு இரண்டாயிற்று. 2008இல் எந்தப் பறவையும் இரவில் கடையில் தங்கக்கூடாது என்று ஆணையிட்டார்கள். இந்த விதிகள் வந்த பிறகு சந்தைகளில் கிடைத்த பறவை வைரஸ்களின் அளவு குறைந்ததைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கோடிக்கணக்கில் செலவாகும் மருந்தோ கருவியோ இல்லாமல், கூண்டைப் பிரித்தும் கழுவியும் ஒரு நாள் காலியாக வைத்தும் அந்த நகரம் இதைச் சாதித்தது. நம் நகராட்சிகளாலும் இதைச் செய்ய முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்களைப் பொறுத்தவரை, கூண்டுகளுக்கு அருகே நெடுநேரம் நிற்காதீர்கள், குழந்தைகளை அழைத்துச் செல்லாதீர்கள், பறவையைக் கையில் தூக்கி எடை பார்க்காதீர்கள். வாத்தும் காடையும் வேறு இடத்தில் வைக்கப்பட வேண்டும் என்று கடைக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். பறவை நன்றாக நடமாடுகிறதே என்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். 2013இல் சீனாவில் பரவத் தொடங்கிய எச்7என்9 வைரஸ் அந்நாள்களில் கோழிகளுக்கு நோய்க்குறி எதையும் தரவில்லை. மனிதர்களில் 1,500க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. ஷாங்காய், ஹாங்சோ, ஹூசோ, நான்ஜிங் ஆகிய நான்கு நகரங்களில் உயிர்ப்பறவைச் சந்தைகளை மூடியவுடன் புதிய தொற்றுகள் 97 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தன.

கொரோனா தொடங்கிய காலத்தில் கோழிக்கறியால் நோய் வரும் என்று வதந்தி பரவி, எங்கள் பகுதிப் பண்ணையாளர்கள் பெரும் நட்டப்பட்டார்கள். சமைத்த கறி, முட்டை வழியாக இந்த வைரஸ்கள் உண்மையில் பரவுமா? — வாசகர், நாமக்கல்

நன்றாக வேகவைத்த கறியாலும் முட்டையாலும் பரவாது. உள்பகுதி 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தை எட்டினால் இன்ஃபுளுவென்சா வைரஸ் அழிந்துவிடும். நம் குழம்பும் வறுவலும் அந்த வெப்பத்தைத் தாண்டியே வேகின்றன. 2020இல் பரவிய வதந்திக்கு எந்த அடிப்படையும் இருக்கவில்லை. கோழியின் வழியாகக் கொரோனா மனிதருக்கு வந்ததற்குச் சான்று கிடையாது.

முன் சொன்ன ஹாங்காங் நோயாளிகளை நலமாக இருந்தவர்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, நோயுறுவதற்கு முந்தைய வாரத்தில் உயிர்க்கோழி விற்கும் இடத்துக்குச் சென்றிருந்ததே நோயோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. கோழிக்கறி சமைத்ததற்கும் உண்டதற்கும் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. மூச்சில் கலக்கும் தூசியும் இறகும், கையிலிருந்து கண்ணுக்கும் மூக்குக்கும் செல்லும் ஈரமும்தான் வைரஸ் நம்மை அடையும் வழிகள்.

சமையலறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கறியைக் குழாயடியில் வேகமாகக் கழுவும்போது நீர் தெறித்து அருகிலுள்ள தட்டிலும் காய்கறியிலும் படுகிறது. வைரஸைவிடச் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் முதலிய பாக்டீரியாக்கள் இப்படிப் பரவி வயிற்றுப்போக்கை உண்டாக்குவது மிகுதி. அகலமான பாத்திரத்தில் நீரூற்றி, தெறிக்காமல் அலசி, அந்த நீரை மெதுவாகக் கொட்டுங்கள். கறி நறுக்கிய அரிவாள்மனையையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவாமல் வெங்காயம் நறுக்காதீர்கள். அரைவேக்காட்டு முட்டையைப் பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் தவிர்ப்பது நல்லது. பச்சைக் கறித்துண்டைக் குழந்தைகள் கையில் தருவதை எக்காலத்திலும் விட்டுவிட வேண்டும். 2025இல் ஆந்திரத்தில் பறவைக் காய்ச்சலால் ஒரு குழந்தை இறந்தபோது, அது நோயுறும் முன் பச்சை இறைச்சியைத் தின்றிருந்ததாகச் செய்தி வந்தது.

சீனர்கள் கண்ட விலங்குகளையெல்லாம் உண்பதால்தானே கொரோனா வந்தது? வூஹான் சந்தையைப் பற்றி விளக்க முடியுமா? — வாசகர், சென்னை

ஒரு மக்களின் உணவுப் பழக்கத்தின் மீது பழியைச் சுமத்துவது எளிது. ஆனால் அது உண்மையான காரணத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும். சார்ஸ் என்ற கடும் சுவாச நோயின் கதையிலிருந்து தொடங்கினால் இது தெளிவாகும்.

2002 நவம்பரில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் தொடங்கிய சார்ஸ், அடுத்த ஆண்டு நடுப்பகுதிக்குள் 8,000க்கும் மேற்பட்டோரைத் தாக்கி 774 பேரைக் கொன்றது. நோய்க்குக் காரணம் ஒரு புதிய கொரோனா வைரஸ் என்று 2003 மார்ச்சில் கண்டறிந்த ஹாங்காங் பல்கலைக்கழகக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், இலங்கையின் கண்டியில் பிறந்த மருத்துவ அறிஞர் மலிக் பீரிஸ். அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவான் யீ, மே மாதம் ஷென்சென் நகரத்து உயிர்விலங்குச் சந்தைக்குச் சென்று, அங்கே கூண்டிலிருந்த மரநாய்களிலும் நரியை ஒத்த ஒரு ரக்கூன் நாயிலும் ஏறத்தாழ அதே வைரஸைக் கண்டார். குவாங்டாங் சந்தைகளில் முக்கியமாக மரநாய் விற்றவர்களைச் சோதித்தபோது, பத்தில் ஏழு பேருக்கு மேல் அந்த வைரஸை எதிர்த்த தடயம் இரத்தத்தில் இருந்தது. அவர்களில் ஒருவர்கூடச் சார்ஸ் நோயாளியாகக் கணக்கிடப்பட்டவர் இல்லை.

இதற்குப் பிறகு கிடைத்த ஒரு செய்தியைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். மரநாய்கள் வளர்க்கப்பட்ட பண்ணைகளுக்குச் சென்று சோதித்தபோது, அங்கிருந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தொற்றே இருக்கவில்லை. குவாங்சோ நகரச் சந்தைக்கு வந்து சேர்ந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இருந்தது. அதாவது அந்த விலங்கு பிறக்கும்போதே நோயைச் சுமந்து வரவில்லை. நெடுந்தூரப் பயணத்தின் நெருக்கடியில், பட்டினியிலும் அச்சத்திலும் எதிர்ப்பாற்றல் குன்றிய நிலையில், வேறு விலங்குகளோடு அடைக்கப்பட்டபோதுதான் நோயைப் பெற்றது. வைரஸின் மூல இருப்பிடம் குதிரைலாட வௌவால் என்பது 2005இல் தெரியவந்தது. 2003 இறுதியிலும் 2004 தொடக்கத்திலும் குவாங்சோவில் மீண்டும் சிலருக்கு நோய் வந்தபோது, அவர்களில் ஒருவர் மரநாய்களைக் கூண்டில் வைத்திருந்த உணவகத்தில் பரிமாறும் பணி செய்த பெண். மரநாய் விற்பனை நிறுத்தப்பட்ட பின், சந்தையிலிருந்து சார்ஸ் மனிதருக்கு வந்ததாக எந்தத் தகவலும் இல்லை.

வூஹானுக்கு வருவோம். 2019 டிசம்பரிலும் 2020 ஜனவரித் தொடக்கத்திலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதல் 41 நோயாளிகளில் 27 பேருக்கு ஹுவானான் சந்தையோடு தொடர்பு இருந்தது. ஜனவரி 1 அன்று சந்தை மூடப்பட்டது. மீன் சந்தை என்று பெயர் பெற்றிருந்தாலும், அதன் சில கடைகளில் ரக்கூன் நாய் உள்ளிட்ட காட்டுவிலங்குகள் உயிரோடு விற்கப்பட்டன. பின்னர் எடுக்கப்பட்ட தரை, வடிகால், வண்டி மாதிரிகளில் வைரஸ் அதிகமாகக் கிடைத்தது அந்தக் கடைகள் இருந்த பகுதியில்தான். ஆனால் சந்தையிலிருந்த எந்த விலங்கின் உடலிலிருந்தும் வைரஸ் எடுக்கப்படவில்லை. விலங்குகள் அகற்றப்பட்ட பிறகே சோதனை நடந்தது. கிடைத்திருக்கும் சான்றுகள் விலங்கு வழித் தொற்றின் பக்கம் சாய்வதாக உலக சுகாதார நிறுவனம் அமைத்த குழு 2025இல் கூறியது. ஆய்வகத்திலிருந்து வைரஸ் கசிந்திருக்கலாம் என்ற கருத்தை முற்றிலும் ஒதுக்க இயலவில்லை என்றும், தேவையான தரவுகள் தரப்படவில்லை என்றும் அதே குழு குறிப்பிட்டது.

2020 பிப்ரவரியில் சீனா காட்டுவிலங்குகளை உணவுக்காக விற்பதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் உலக சுகாதார நிறுவனமும் அதனுடன் இணைந்த அமைப்புகளும், பிடிக்கப்பட்ட காட்டுப் பாலூட்டிகளை உணவுச் சந்தைகளில் உயிரோடு விற்பதை நிறுத்துமாறு எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டன. அந்த வேண்டுகோள் சந்தைகளையே மூடச் சொல்லவில்லை. ஏழை எளியவர்களுக்கு மலிவான புதிய உணவு கிடைப்பது இத்தகைய சந்தைகளில்தான் என்பதை அது ஒப்புக்கொண்டது.

மலேசியாவில் 1998, 1999 ஆண்டுகளில் பரவிய நிபா நோயை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். முதலில் கொசுவால் வருவது என்றார்களாமே? — வாசகர், ஈப்போ

ஆம். 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போவை ஒட்டிய பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலும் மயக்கமும் வந்தபோது, அதைக் கொசு வழியே பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதி, கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இங்கே நோயுற்றவர்கள் பன்றிகளை நேரடியாகக் கையாண்ட பெரியவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பன்றிகளும் தொலைவில் கேட்கும் அளவுக்கு இருமின. இந்தப் பொருந்தாமைகளைக் கவனித்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சுவா கா பிங் என்ற ஆய்வாளர் 1999 மார்ச்சில் புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிபா என்ற சிற்றூரின் பெயர் அதற்கு இடப்பட்டது.

பண்ணைகளில் பன்றிக் கொட்டிலை ஒட்டியே மாமரங்களும் பிற பழமரங்களும் நடப்பட்டிருந்தன. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழங்களைப் பன்றிகள் தின்றன. நோயுற்ற பன்றிகளை அவசரமாக விற்றதால் அவை தெற்கே நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை சென்றன. அங்கிருந்து சிங்கப்பூர் இறைச்சிக்கூடத்தை அடைந்து, 11 தொழிலாளர்களுக்கு நோயைத் தந்தன. அவர்களில் ஒருவர் இறந்தார். மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. கொட்டிலிலிருந்து பழமரங்கள் விலக்கப்பட்டு, பண்ணைகளின் கண்காணிப்பும் இறுக்கப்பட்ட பின், மலேசியப் பன்றிகளிடம் அந்நோய் திரும்பவில்லை. மரத்தையும் கொட்டிலையும் பிரித்ததும், ஹாங்காங்கில் தாராவையும் கோழியையும் பிரித்ததும் ஒரே சிந்தனையின் இரண்டு வடிவங்கள் என்றே நான் காண்கிறேன்.

கேரளத்தில் நிபா என்றவுடன் எங்கள் பகுதியில் பழம் வாங்கவே தயங்குகிறார்கள். அணிலோ வௌவாலோ கடித்த பழத்தைக் கழுவி உண்ணலாமா? பதநீர் குடிக்கலாமா? — வாசகி, நாகர்கோவில்

கடித்த தழும்புள்ள பழத்தை உண்ண வேண்டாம். உமிழ்நீர் சதைக்குள் இறங்கியிருக்கும் என்பதால் கழுவியும் வெட்டியும் பயனில்லை. அதைக் கால்நடைக்கும் போடாதீர்கள். முழுமையாக இருக்கும் பழத்தைக் கழுவி, தோல் உரித்து உண்பதில் அச்சம் தேவையில்லை.

வங்கதேசத்தில் குளிர்காலத்தில் இறக்கப்படும் ஈச்சமரச் சாற்றைப் பச்சையாகக் குடிப்பவர்களுக்கு 2001 முதல் அடிக்கடி நிபா வந்திருக்கிறது. நோயுற்றவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் இறக்கிறார்கள். இரவில் வௌவால்கள் சாறு வடியும் இடத்தை நக்குவதையும் பானையில் சிறுநீர் கழிப்பதையும் ஆய்வாளர்கள் கேமரா வைத்துப் பதிவு செய்தார்கள். மரத்தின் சீவிய பகுதியையும் பானை வாயையும் மூங்கில் தட்டியால் மூடினால் வௌவால் அணுகுவதில்லை என்பதும் தெரிந்தது. நம் பனையேறிகளும் பாளையையும் கலயத்தையும் மூடிக் கட்டுவது நல்லது. நிபா பரவும் நாள்களில் பதநீரைக் காய்ச்சிக் குடியுங்கள். நெடுநேரம் கொதித்துத் திரளும் கருப்பட்டியில் வைரஸ் பிழைக்காது.

கோழிக்கோட்டில் 2018இல் பரவியபோது, பெரும்பாலோர் நோயாளியிடமிருந்தே, அதுவும் மருத்துவமனையில், தொற்றைப் பெற்றார்கள். எனவே காய்ச்சலோடு மயக்கமோ குழப்பமோ உள்ளவரைக் கவனிப்பவர்கள் முகக்கவசமும் கையுறையும் அணிவதே முதல் காப்பு.

வௌவால்களை விரட்டவோ கொல்லவோ வேண்டாம். கலைக்கப்பட்ட வௌவால்கள் புதிய ஊர்களுக்குப் பறந்து செல்கின்றன. நெருக்கடியில் வைரஸை அதிகமாக வெளியிடவும் கூடும். மரங்களுக்கு மகரந்தம் சேர்ப்பதும் விதை பரப்புவதும் அவைதாம். அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன என்பதை மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன்.

நான் கோழிக்கடையில் கறி வெட்டும் வேலை செய்கிறேன். வேலையை விட முடியாது. என்னையும் வீட்டில் உள்ளவர்களையும் எப்படிக் காப்பது? — வாசகர், திருப்பூர்

உங்கள் கேள்விதான் இவற்றுள் மிக அவசரமானது. ஏனெனில் இத்தகைய நோய்கள் வந்தால் முதலில் தாக்கக்கூடிய இடத்தில் நிற்பவர்கள் உங்களைப் போன்ற தொழிலாளர்களே.

அறுக்கும்போதும், வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கும் இயந்திரத்தில் போடும்போதும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் காற்றில் எழுகின்றன. அந்த இயந்திரத்துக்கு மூடி போடச் சொல்லுங்கள். அவ்வேலையின்போது மூக்கையும் வாயையும் இறுகப் பொருந்தும் முகக்கவசத்தால் மூடுங்கள், கண்ணாடி அணிய முடிந்தால் மேலும் நல்லது. வெட்டும் இடத்தில் தேநீர், பீடி, வெற்றிலை வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீர் புகாத கட்டுப் போட்டுக் கையுறை அணியுங்கள். வேலை உடையையும் செருப்பையும் கடையிலேயே விட்டுவிட்டு, குளித்து வேறு உடை மாற்றியபின் குழந்தைகளைத் தூக்குங்கள்.

கடையைக் கழுவுவதிலும் முறை இருக்கிறது. இரத்தமும் எச்சமும் படிந்த தரைமேல் பிளீச்சிங் பவுடரைத் தூவினால் அழுக்கே அதன் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதன் பிறகே பிளீச்சிங் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். கோழி வரும் பிளாஸ்டிக் கூடைகள் கழுவப்படாமல் பண்ணைக்குத் திரும்பினால், ஒரு கடையின் கிருமி பத்துப் பண்ணைகளுக்குச் செல்லும். விற்காத பறவைகளை மறுநாள் சரக்கோடு கலக்காதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது கூண்டுகள் காலியாகிக் காய்வதற்கு முதலாளியிடம் பேசுங்கள். ஒரு கடை மட்டும் மூடினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார் என்று அவர் தயங்குவது நியாயமே. எல்லாக் கடைகளுக்கும் ஒரே ஓய்வு நாளை வகுப்பதும், தண்ணீரும் வடிகாலும் கழிவு அகற்றலும் தருவதும் உள்ளாட்சியின் கடமை. அவற்றைத் தராமல் கடைக்காரருக்கு அபராதம் மட்டும் விதிப்பதை ஏற்க முடியாது.

கூண்டில் ஒரே நாளில் பல பறவைகள் இறந்தாலோ, கொண்டை நீலம் பாய்ந்து தலை வீங்கியிருந்தாலோ, அவற்றை அறுத்து மலிவாக விற்காதீர்கள். வெறும் கையால் தொடாமல் தனியே வைத்து, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள்.

ஆண்டுதோறும் பருவகால ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. மனித ஃபுளூவும் பறவை ஃபுளூவும் ஒரே உடலில் சந்தித்துக் கலக்கும் வாய்ப்பைக் குறைக்கும். காய்ச்சலோ இருமலோ கண் சிவத்தலோ வந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் சென்று, கோழிக்கடையில் வேலை செய்கிறேன் என்பதை அவர் கேட்கும்முன் நீங்களே சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலுக்குத் தரப்படும் ஓசல்டாமிவிர் மாத்திரை முதல் இரண்டு நாள்களுக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன் தரும்.